கீரை கிடைக்காவிட்டால்

ஆங்கிலத்தில் எழுதப்படும் மேற்கு ஆப்பிரிக்கச் சமையல் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். பொருட்களின் பட்டியலில், கீரையின் பெயருக்குப் பக்கத்திலேயே, 'கிடைக்காவிட்டால் பாலக் போடலாம்' என்று. வேர்க்கடலை, வெங்காயம், மிளகாய், உலர்ந்த மீன், கீரை என்று மொத்தமே ஏழெட்டுப் பொருள் உள்ள குழம்பு அது. அதில் குழம்புக்கு அடையாளமே எதுவோ அதை மாத்திக்கலாம்னு குறிப்பு ரொம்பத் தாராளமா அனுமதி கொடுத்துவிடுகிறது. தலைப்பில் மட்டும் 'பாரம்பரிய' என்ற சொல் அப்படியே இருக்கும்.

நான் சமையல் குறிப்புகளை இலக்கியப் பிரதிகளைப் போலவே படிக்கிறவள். யார் சொல்கிறார்கள், யாருக்குச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 'மேற்கு ஆப்பிரிக்கக் கீரை வேர்க்கடலைக் குழம்பு' என்கிற தலைப்பே ஒரு பிரச்சினை. மேற்கு ஆப்பிரிக்கா என்றால் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகள். சியரா லியோனில் மரவள்ளி இலையையோ சர்க்கரைவள்ளி இலையையோ போட்டு, செம்பனை எண்ணெயும் வேர்க்கடலை விழுதும் சேர்த்துச் செய்வார்கள். கிரியோ மொழியில் இந்த வகைக் கீரைக் குழம்புகளுக்குப் பொதுப்பெயர் 'பிளாசாஸ்'. சொல் என்ற பொருளுடைய போர்த்துகீசிய 'பலாவ்ரா', கடற்கரை வியாபாரத்தில் 'பலாவர்' ஆகி, வழக்கு, வாய்ச்சண்டை என்றெல்லாம் பொருள் மாறி, கடைசியில் ஒரு குழம்புக்குப் பெயராக வந்து உட்கார்ந்திருக்கிறது. செனெகலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த குழம்புக்கு 'ம்பூம்' என்று பெயர். அதில் போடுகிற கீரைக்கு வொலோஃப் மொழியில் 'நெபெதாய்' என்பார்கள்.

நெபெதாய் என்றால் முருங்கை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முருங்கை கிடைக்காவிட்டால் பாலக் போடச் சொல்லும் குறிப்பை நான் படித்துக்கொண்டிருந்தது விழுப்புரம் பக்கத்து வீடொன்றில். கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறது. பாலக்குக்குத்தான் நான் கடைக்குப் போகவேண்டும்! செனெகலிலிருந்து ஒரு கீரை நம்மிடம் வருவதற்குள் ஆங்கிலம் என்கிற சமையலறை வழியாகச் சுற்றி, அங்கே பாலக்காக மாறி, நம் கைக்கு வந்து சேர்கிறது. ஆப்பிரிக்க நாவல்களையும் இப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறோமோ என்கிற சந்தேகம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

முருங்கை நம்ம பக்கத்து மரம். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போய் அந்த மண்ணில் ஊன்றிக்கொண்டது. நெபெதாய் என்ற பெயர், 'சாகவே சாகாது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரான 'நெவர் டை'யிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். ஒரு கிளையை ஒடித்து நட்டாலே துளிர்க்கிற மரத்துக்குப் பொருத்தமான பெயர்தான். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும் என்கிற நம்மூர்ப் பழமொழியின் முதல் பாதி அங்கேயும் செல்லும். (இரண்டாம் பாதி பிள்ளைகளைப் பற்றியது. அதை விட்டுவிடுவோம்.)

அங்கே ம்பூமை ஊற்றிச் சாப்பிடுகிற 'செரே' கம்பில் செய்வது. கம்பு மாவில் தண்ணீர் தெளித்து, விரலால் உருட்டி உருட்டிக் குருணையாக்கி, ஆவியில் வேகவைப்பது. புட்டு தெரிந்தவர்களுக்குக் கை தானாகவே புரிந்துகொள்ளும். இந்தக் கம்பு நமக்கு அங்கிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில், இன்றைய மாலி நாட்டின் வடகிழக்கில், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சில நூற்றாண்டுகளுக்குள் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கம்பங்கூழைவிட 'நம்ம சாப்பாடு' எது என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்கலாம். மூன்றாவது பொருளான வேர்க்கடலை இருவருக்குமே அந்நியம். தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போன பயிர் அது.

ஆக, ஒரே தட்டில் இலை இங்கிருந்து, தானியம் அங்கிருந்து, கொட்டை இன்னொரு கண்டத்திலிருந்து. இதைச் சொன்னவுடன், 'பார்த்தீங்களா, உலகமே ஒரு குடும்பம்' என்று முடித்துவிடுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பு நடந்து வந்த வழியும் வேர்க்கடலை போன வழியும் ஒன்றல்ல. வேர்க்கடலை போன கடலில் போன மற்ற கப்பல்கள் என்ன ஏற்றிப் போயின என்று நமக்குத் தெரியும்.

சமைத்தும் பார்த்தேன். முருங்கைக்கீரை இரண்டு கட்டளவு ஒடித்து உருவி, உப்புப் போட்டு வேகவைத்து, வடித்து, மத்தால் மசித்துக்கொண்டேன். நம் பொரியலில் இருப்பதுபோல இலை தனித்தனியாக நிற்கக் கூடாது. வேர்க்கடலை ஒரு ஆழாக்கு. மிதமான தீயில் வறுத்து, தோல் புடைத்து, அம்மியில் அரைத்தேன். மிக்ஸியிலும் ஆகும், ஆனால் அம்மியில்தான் எண்ணெய் கசிந்து விழுது பளபளப்பாவது கண்ணுக்குத் தெரியும். வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, தண்ணீர் விட்டு, விழுதைக் கரைத்து ஊற்றினால் முதல் பத்து நிமிடம் அது குழம்பாகவே இருக்காது. வெளுத்த கஞ்சி மாதிரி இருக்கும். பிறகு கெட்டியாகிக் கொப்பளித்துத் தெறிக்க ஆரம்பிக்கும். கை எடுத்தால் அடிப்பிடிக்கும். கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனபிறகு ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும். அப்போதுதான் வேர்க்கடலையின் பச்சை வாசம் போகும். கீரையும் மீனும் அதற்குப் பிறகு.

"முருங்கக்கீரையில மல்லாட்டய வறுத்துப் பொடிச்சுத் தூவுவோம், அது சரி. அதையே அரைச்சுக் கொழம்பாவா ஊத்துவாங்க?" என்றாள் அம்மா. சாப்பிட்டுவிட்டு, "எண்ண பிரியற வரைக்கும் நின்ன பாரு, அதாண்டி ருசி" என்றாள். எந்தக் குறிப்பைவிடவும் அந்தக் குழம்பைச் சரியாகப் படித்தவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

நானும் பதிலிகள் போட்டேன். அங்கே போடுகிற 'கெஜ்' நொதிக்கவைத்து உலர்த்திய மீன். நான் போட்டது கடலூர் நெத்திலிக் கருவாடு. நாற்றத்தில் உறவுக்காரர்கள், ருசியில் அல்ல. 'நெத்தெத்து' என்று ஒரு மரத்தின் விதையை வேகவைத்து நொதிக்கவிட்டு உருட்டிப் போடுவார்கள். அதற்கு நம்மிடம் ஒன்றும் கிடையாது. பெருங்காயம் போடச் சொல்வார்கள் சிலர். நான் போடவில்லை. அந்த இடம் குழம்பில் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பில் சில சொற்களை அப்படியே விடுவதில்லையா, அது மாதிரி.

பாலக் போடச் சொல்கிறவர்களிடம் என் புகார் அவர்கள் பொருளை மாற்றுகிறார்கள் என்பதில்லை. அந்த வரிக்கு ஒரு நியாயமான பிறப்பு இருக்கிறது. டக்காரில் பிறந்து நியூயார்க்கில் சமையல்காரரான பியர் தியாம் 2008இல் 'யோலெலே' என்ற சமையல் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடி வாங்குகிறவர்களில் ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. பனிக்காலத்தில் நெபெதாய்க்கு எங்கே போவது? அங்கே பாலக் ஒரு ஏக்கத்தின் பெயர். ஊர் ஞாபகம் வந்து எதையாவது போட்டுக் கிண்டிக்கொள்வது. கனடாவில் இருக்கும் நம் ஆட்கள் எதை எதையெல்லாம் போட்டுப் புளிக்குழம்பு வைக்கிறார்கள் என்று கேட்டால் அழுகையே வரும். அந்த வரி அந்தக் குரலில் இருக்கும்வரை எனக்கு அதன் மேல் கோபமில்லை.

கோபம் அடுத்த கட்டத்தில்தான். ஏக்கம் போய்விடுகிறது, பாலக் மட்டும் தங்கிவிடுகிறது. பிறகு பாலக்குக்குப் பதில் இன்னொரு சூப்பர் மார்க்கெட் கீரை, கருவாட்டுக்குப் பதில் காய்கறிச் சாறு, அரைத்த விழுதுக்குப் பதில் பாட்டிலில் அடைத்த, சர்க்கரை கலந்த வேர்க்கடலை வெண்ணெய். சமைக்கும் நேரம் 20 நிமிடம் என்று மேலே போட்டிருக்கும். நாட்டின் பெயர் போய் கண்டத்தின் பெயர் வரும். 'ஆப்பிரிக்கன் பீநட் ஸ்ட்யூ'. இதற்குள் மாறியது ருசி மட்டுமில்லை. மரவள்ளி இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சயனைடை விடுவிக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. அதனால் உரலில் இடித்து, நீண்ட நேரம் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட முடியும். பாலக் இரண்டு நிமிடத்தில் வாடிவிடும். இலையை மாற்றியபோது உரல் போய்விட்டது, உலக்கை போய்விட்டது, இடித்தவளும் போய்விட்டாள். ஒரு பொருளை மாற்றினோம் என்று நினைக்கிறோம், ஒரு பெண்ணின் ஒரு முழுக் காலைப்பொழுதை நீக்கியிருக்கிறோம்.

சமையல் குறிப்பின் இலக்கணமே அதற்குத் தோதானது. எழுவாய் இல்லாத வாக்கியங்கள். வறுக்கவும், அரைக்கவும், கிளறவும், இறக்கவும். யாரு வறுக்கிறது, யாரு கிளறுறது? கேட்கக் கூடாது. தமிழ்ச் சமையல் குறிப்பும் இதே யோக்கியதைதான், அது வேறு விஷயம்.

இந்த எழுவாயைத் திருப்பிக் கொண்டுவந்தவராகத்தான் உஸ்மான் செம்பேனை நான் வாசிக்கிறேன். அவரை ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை என்று எழுதி எழுதி நமக்கும் அலுத்துவிட்டது. அவர் மார்செய் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர் என்பதை அந்தப் பட்டத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். முதல் நாவலின் தலைப்பே 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி', 1956. மார்செய் அன்று எண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் பேர்போன ஊர். அந்த எண்ணெய்க்கான வேர்க்கடலை செனெகலிலிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டையும் புதுச்சேரித் துறைமுகம் வழியாக அதே மார்செய்க்குப் போயிருக்கிறது. அதற்கும் முன்னால் புதுச்சேரியில் நீலம் தோய்த்த பருத்தித் துணி செனெகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே பிசின் வியாபாரத்தில் காசுக்குப் பதிலாகப் புழங்கியது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த பழைய பாதையில் காவலுக்கு நின்றது பிரெஞ்சுக் கம்பெனி.

செனெகலில் அந்தப் பாதை தண்டவாளமாக ஆனது. 1885இல் டக்காரிலிருந்து சான் லூயிக்கு ரயில் விட்டார்கள். போன வழி வேர்க்கடலை வயல்களின் வழி. 1920களில் அது மாலி வரை நீண்ட பாதையோடு இணைந்தது. கம்பு விளைந்த நிலங்களில் வேர்க்கடலை பரவியது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பிரான்சின் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசி இறக்குமதி. ஒரு காலனியின் உடைந்த அரிசியை இன்னொரு காலனிக்குத் தின்னக் கொடுத்து, இங்கே விளைந்த எண்ணெய் வித்தைத் தன் ஆலைக்குக் கொண்டுபோவது என்பது எவ்வளவு சுத்தமான கணக்கு! ம்பூமில் போடுகிற ஒரு ஆழாக்கு வேர்க்கடலை, இந்தக் கணக்கிலிருந்து வீட்டுக்குத் தப்பி வந்த வேர்க்கடலை. குறிப்புகளில் இருக்கும் 'பாரம்பரிய' என்ற சொல்லுக்குள் இது ஒன்றுமே இல்லை.

செம்பேனின் 'கடவுளின் மரத்துண்டுகள்' (1960) இந்தத் தண்டவாளத்தின் மேல் நடக்கிற நாவல். 1947 அக்டோபர் 10 முதல் 1948 மார்ச் 19 வரை டக்கார்–நைஜர் ரயில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம்தான் கதை. இதை வேலைநிறுத்த நாவலாக, தொழிற்சங்க நாவலாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது முதலில் அடுப்பு எரியாத நாவல். ஆண்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். தண்ணீர்க் குழாயை அடைக்கிறார்கள், கடைக்காரன் கடன் தர மறுக்கிறான். வேலைநிறுத்தம் உண்மையில் நடக்கும் இடம் வீட்டு முற்றமாகிவிடுகிறது. ரமதுலாயே என்கிற மூத்த பெண் அரிசிக்காகக் கடைக்காரனிடம் போய் நிற்கிறாள், வசதியான சொந்தத் தம்பியிடம் போய் நிற்கிறாள். இரண்டு இடத்திலும் வெறுங்கை. பிறகு அந்தத் தம்பி வளர்க்கும் கொழுத்த கிடா வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்ச அரிசியையும் தின்றுவிடுகிறது. கத்தியை எடுத்துக் கிடாவை அறுத்துவிடுகிறாள். போலீஸ் வந்தால் மணல் நிரப்பிய பாட்டில்களோடு பெண்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

சமையலுக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது என்று சொல்கிற எழுத்தாளர்கள் பலர். செம்பேன் அரசியலைச் சமைக்கிறவளின் கையில், அவள் கத்தியில் வைக்கிறார். கிடா அறுக்கிற அத்தியாயத்தில் அவர் எந்த வாதமும் செய்வதில்லை. பசித்த பிள்ளைகளும் ஒரு ஆடும்தான். நாவலின் பிற்பகுதியில், பெண்கள் தியெஸ் நகரிலிருந்து டக்காருக்கு நடந்து போகும் புகழ்பெற்ற பகுதியைவிட இந்த அத்தியாயம்தான் எனக்குப் பெரியது. நடைப்பயணத்தில் வரலாறு கொஞ்சம் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே அதுக்கு நேரமில்லை.

தலைப்பையும் கவனிக்க வேண்டும். மனிதர்களை எண்ணினால் ஆயுசு குறையும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் ஆட்களை எண்ண நேர்ந்தால் 'மரத்துண்டுகள்' என்று எண்ணுவார்கள், கடவுளின் மரத்துண்டுகள். இப்போது எந்தச் சமையல் குறிப்பையும் எடுத்து முதல் வரியைப் பாருங்கள். '4 பேருக்கு'. ஒரே பெரிய பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து, வந்தவர்களுக்கும் இடம் விட்டு, கையால் சாப்பிடுகிற ஊரின் குழம்பு அது. நாலு பேருக்கு என்று எண்ணிய உடனேயே அது வேறு குழம்பு ஆகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

1966இல் வந்த 'லா ன்வார் து...' படத்தில் ஒரு மதியச் சாப்பாட்டுக் காட்சி உண்டு. தியூவானா என்ற டக்கார்ப் பெண்ணை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஆந்திபுக்கு அழைத்துவருகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நம்பி வந்தவள், வந்து பார்த்தால் சமையல், துவையல், துடைப்பம். விருந்தாளிகள் வருகிறார்கள். ஆப்பிரிக்கச் சாப்பாடு செய்து போடச் சொல்கிறாள் முதலாளியம்மா. செய்து பரிமாறுகிறாள். சாப்பாடு பிரமாதம் என்கிறார்கள். ஒருவர் எழுந்து, கறுப்பினப் பெண்ணை இதுவரை முத்தமிட்டதே இல்லை என்று சொல்லி அவள் கன்னத்தில் முத்தமிடுகிறார். அவளுக்குப் பிரெஞ்சு புரியுமா என்பதைப் பற்றி அவள் முன்னாலேயே பேச்சு நடக்கிறது.

சமையல் குறிப்பு எழுதுகிற, படிக்கிற எல்லோருக்கும் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டவேண்டும். அங்கே சாப்பாட்டை யாரும் அவமதிக்கவில்லை. எல்லோரும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். குழம்பின் மேல் உள்ள பிரியம் குழம்பு வைத்தவளிடம் வந்து சேரவே இல்லை, அதுதான் காட்சி. தியூவானாவின் மனக்குரல் முழுக்கப் பிரெஞ்சில் ஓடுகிறது. அந்த வீட்டில் வாய்விட்டு 'சரிங்கம்மா' தவிர அதிகம் பேசாதவள், உள்ளே அத்தனை பேசுகிறாள். பேசியது அவளாக நடித்த ம்பிசீன் தெரேஸ் தியோப் கூட இல்லை, இன்னொரு நடிகையின் குரல். இதைத் தொழில்நுட்பக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொருந்தாமைதான் படத்தின் உண்மை. இன்னொரு மொழியின் சமையலறைக்குள் நிற்கிறவளுக்குத் தன் குரல் வேறு எங்கிருந்தோதான் கேட்கும். படத்தின் தலைப்பு '...இன் கறுப்பி' என்பது. யாருடைய என்ற இடத்தில் மூன்று புள்ளி.

இரண்டு வருடம் கழித்து, 1968இல், 'மந்தாபி'யை வொலோஃபிலேயே எடுத்தார். பாரிஸில் இருக்கும் மருமகன் அனுப்பிய மணியார்டரை மாற்ற முடியாமல் அலையும் இப்ராஹிமா தியெங்கின் கதை. மணியார்டர் வந்த செய்தி கேட்டதுமே அவருடைய இரண்டு மனைவிகளும் கடையில் கடனுக்கு அரிசி வாங்கிவிடுகிறார்கள். மனுஷன் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுத் தூங்குகிறார். பணம் வருவதற்கு முன்பே சோறு வந்துவிட்டது. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ், அதற்கு இன்னொரு காகிதம் என்று நாய்படாத பாடு பட்டு, கடைசியில் படித்த உறவினன் ஒருவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து அனுப்புகிறான். தியெங் வீட்டு வாசலிலேயே அந்த அரிசியை அக்கம்பக்கத்தாருக்கு அள்ளிக்கொண்டு போகக் கொடுத்துவிடுகிறார். பெண்கள் பாத்திரங்களோடு வந்து வாங்கிப் போகிறார்கள். அதன் மேல் ஊற்ற அன்றைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன கொதித்தது என்று படம் காட்டுவதில்லை.